வரகுணன் புகழும் ஐவர்மலைக் கல்லும்

திண்டுக்கல்லில் அரசர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மலைக்கோட்டைதான் முதலில் வரும். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பத் தொடங்கியது, ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக இருந்து படை பெருக்கியது, திப்பு காலத்துக் காவல், 1790-இல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்தது, விருப்பாட்சி கோபால் நாயக்கர், அவர் ஆதரவில் தங்கியிருந்த வேலு நாச்சியார் என்று கதை நீளும். 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் சில காலம் மன்னர் திருமலை என்ற பெயரையே தாங்கியிருந்தது. நாயக்கருக்கு முன்னால் இந்தச் சமவெளியை ஆண்டவர் யார் என்று கேட்டால் 'பாண்டியர்' என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடும். எந்தப் பாண்டியர் என்பது நம் ஊர்ப் பேச்சில் கிடையாது.

ஆனால் முற்காலப் பாண்டியர் வரலாற்றில் ஆண்டுக்கணக்கைப் பிடித்து நிறுத்தும் மிக முக்கியமான கல் ஒன்று இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பழநிக்கு மேற்கே, கொழுமம் போகும் பக்கத்தில், பாப்பம்பட்டிக்கு அருகே உள்ள ஐவர்மலையில் அது பொறிக்கப்பட்டுள்ளது. பஞ்சபாண்டவர் வந்து தங்கிய மலை என்று சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் ஏறும். மலையின் நெற்றியில், குடைபோல் முன்னால் தள்ளி நிற்கும் பாறையின் கீழே வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மதுரைச் சுற்றுப்புறத்துச் சமணக் குன்றுகள் பலவற்றில் பெயர் பதித்த சமணத் துறவி அச்சணந்தி இங்கேயும் பதித்திருக்கிறார்.

அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792-ஐயும் ஒருசேரச் சொல்கிறது. சகம் 792 என்பது கி.பி. 870. அந்த ஆண்டில் குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர் அந்த மலையிலிருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவிபலிக்கும், ஓர் அடிகளின் சோற்றுக்கும் 505 காணம் பொன் வைத்தார். கல்வெட்டின் சாரம் இவ்வளவுதான். அரசன் அங்கே வரவில்லை, கொடை அவனுடையதும் அல்ல. ஆண்டைச் சொல்வதற்காக அவன் பெயர் வருகிறது.

அந்த ஆண்டுக்கணக்குதான் பொன். முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஆட்சியாண்டை மட்டும் சொல்லி நிறுத்திவிடும். அதிலும் 'இன்ன ஆண்டின் எதிர் இன்ன ஆண்டு' என்று கூட்டிக் கணக்கிடச் சொல்லும். சகமோ கலியோ சொல்லும் கல் கிடைப்பது அரிது. மதுரை ஆனைமலையில் பாண்டிய அமைச்சன் மாறன் காரியின் கல்வெட்டு கலி 3871 என்று சொல்வதால் கி.பி. 770 நமக்கு உறுதியானது. அதற்கடுத்த உறுதியான நிலை ஐவர்மலைதான். எட்டாம் ஆண்டு 870 என்றால் வரகுணன் முடிசூடியது 862. அவனுக்கு முன்னும் பின்னும் இருந்த பாண்டியர் காலத்தை வரலாற்றாசிரியர் கணிக்கும்போது இந்த 862-ஐ ஊன்றிக்கொண்டுதான் மேலும் கீழும் நடக்கிறார்கள்.

அந்த வரகுணன் யார் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்ச் சைவத்தில் வரகுணன் சாதாரணப் பெயரன்று. பக்தியின் உச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பெயர் அது. அந்தப் புகழும், ஒரு சமண மலையில் ஆண்டுக்கணக்காக நிற்கும் இந்தப் பெயரும் ஒரே மனிதனுடையவைதாமா?

பாண்டியர் குலத்தில் வரகுணர் இருவர். மாறன், சடையன் என்ற பட்டங்கள் மாறி மாறி வருவதால் கல்வெட்டில் 'மாறஞ்சடையன்' என்று மட்டும் இருந்தால் அது தாத்தாவா பேரனா என்று தெரியாமல் போகும். வேள்விக்குடிச் செப்பேட்டை வழங்கிய பராந்தக நெடுஞ்சடையனும் முதலாம் வரகுணனும் ஒருவரே என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929-இல் வெளியிட்ட பாண்டியர் வரலாற்றில் கொண்டார். பிற்பாடு கிடைத்த தளவாய்புரம் செப்பேடு போன்ற சான்றுகளை வைத்து அவர்கள் வேறு வேறு என்று பிரித்தவர்களும் உண்டு. எப்படியானாலும் முதல் வரகுணனின் மகன் சீமாறன் சீவல்லபன், அவன் மகன் இரண்டாம் வரகுணன். ஐவர்மலைக் கல் பேரனுடையது. இது போதாதென்று இதே ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கே ஆய் நாட்டில் விக்கிரமாதித்திய வரகுணன் என்று ஒரு சிற்றரசன் இருந்தான். சிதறால் திருச்சாரணத்து மலையில் ஒரு சமணக் குரத்தியார் பகவதிக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு அவனுடைய 28-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக மூன்று வரகுணர். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட எல்லா வசதியும் இருக்கிறது; எழுதியும் இருக்கிறார்கள்.

இரண்டாம் வரகுணனின் ஆட்சியைச் சான்றுகளோடு பார்த்தால் வெற்றிப் பட்டியல் ஒன்றும் பெரிதாக வராது. தொடக்கமே சங்கடமானது. தந்தை சீமாறன் இலங்கை மேல் படையெடுத்து முதலாம் சேனனின் நாட்டைச் சூறையாடியவன். அதற்குப் பழிவாங்க இரண்டாம் சேனனின் படை கடல் கடந்து வந்து மதுரையைக் கொள்ளையடித்ததை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் பெருமையோடு விவரிக்கிறது. சீமாறன் பட்ட புண்ணால் இறந்தான். சிங்களத் தளபதி அரியணையில் ஏற்றிவிட்டுப் போன இளவரசன் வரகுணனே என்பது சாஸ்திரியின் முடிவு. எதிரியின் கையால் முடி பெற்றவன்! அத்தோடு வடக்கே பல்லவர் பிடியும் இறுகியிருந்தது. நிருபதுங்க பல்லவனின் ஆட்சியாண்டை இட்டுத் திருவதிகைக் கோயிலில் வரகுணன் பொன் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. தன் ஆட்சியாண்டை விட்டுவிட்டு இன்னொருவர் ஆட்சியாண்டில் கொடை எழுதும் அரசன் எந்த நிலையில் இருந்தான் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவன் அப்படியே அடங்கிப்போய்விடவும் இல்லை. காவிரிக்கு வடக்கே மண்ணி நாட்டில் இருந்த இடவை மீது ஒரு பாண்டியப் படை சென்றது. அந்தப் படையெடுப்பைப் பேசும் வட்டெழுத்துக் கல்வெட்டு திண்டுக்கல் வட்டத்து இராமநாதபுரத்தில் இருக்கிறது. அதில் அரசன் பெயர் மாறஞ்சடையன் என்றே வருவதால், இடவைக்குப் போனது தாத்தாவின் படையா பேரனின் படையா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. பேரன் என்பதே சாஸ்திரி பக்கத்து முடிவு. சோழ நாட்டில் அவன் பின்னால் நடத்திய போரோடு அது பொருந்தி வருவதால் நானும் அதையே ஏற்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் சுவையான விஷயம் வேறு. திண்டுக்கல் சமவெளியிலிருந்து புறப்பட்ட வீரர்கள் கொள்ளிடக் கரை வரை போய்ச் சண்டையிட்டார்கள் என்பதை ஓர் ஊர்க் கல் எழுதி வைத்திருக்கிறது. நாயக்கர் காலத்துக்கு எழுநூறு ஆண்டு முந்தைய செய்தி இது.

அந்தப் படையெடுப்புகளின் முடிவு திருப்புறம்பியம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், கி.பி. 880 வாக்கில் (885 என்பாரும் உண்டு), ஒரு பக்கம் வரகுணன், மறுபக்கம் பல்லவ அபராசிதன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியும் சோழன் ஆதித்தனும். பிருதிவீபதி களத்திலேயே மடிந்தான். பாண்டியன் தோற்றான். இந்தப் போரைச் சொல்லும் உதயேந்திரம் செப்பேடு கங்கர் வழியில் வந்தவனுடையது. வரகுணனை வென்றுவிட்டுத் தன் உயிரைக் கொடுத்தவன் என்று பிருதிவீபதியைப் புகழ்கிறது. உண்மையில் லாபம் யாருக்கு என்றால் சோழனுக்கு. சில ஆண்டுகளில் ஆதித்தன் அபராசிதனையே வீழ்த்தித் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் திருப்புறம்பியம் பள்ளிப்படை நன்றாக நினைவிருக்கும். சதிகாரர் கூடும் அந்த இடம் கங்க மன்னன் நினைவிடம். அங்கே தோற்றவன் பெயரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்?

படைக்கணக்கை விட்டுக் கொடைக்கணக்குக்கு வந்தால் வரகுணன் வேறு ஆளாகத் தெரிகிறான். திருச்செந்தூர் முருகன் கோயிலில் ஒரு நீண்ட கல்வெட்டு. வரகுண மகாராசர் 1,400 பொற்காசைப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்து முதலாக ஒப்படைத்தார். முதல் கரையாமல் வட்டியாக வரும் நெல்லையும் பொருளையும் கொண்டு ஆண்டு முழுவதும் கோயில் செலவு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இது இரண்டாம் வரகுணனுடையது என்பதே பெரும்பாலோர் கருத்து. இன்றைய அறக்கட்டளைக்காரர்களே வியக்கும்படி, எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு அளக்க வேண்டும், எதற்குச் செலவிட வேண்டும் என்று இம்மி பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். தளவாய்புரம் செப்பேடு இவனைப் பற்றிப் பேசும்போது போரைச் சொல்லிப் புகழவில்லை. பிறைசூடியை உள்ளத்தில் இருத்தி உலகாண்டவன் என்ற போக்கில் புகழ்கிறது. அந்தச் செப்பேட்டை வெளியிட்டது அவனுக்குப் பின் ஆண்ட தம்பி பராந்தக வீரநாராயணன். சொந்தத் தம்பியின் ஆவணமே அண்ணனை வீரனாகக் காட்டாமல் அடியாராகக் காட்டுகிறது என்றால், அந்தப் பெயர் அவன் வாழ்ந்த காலத்திலேயே அமைந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இங்கிருந்துதான் இலக்கியம் எடுத்துக்கொள்கிறது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இரண்டு பாட்டில் வரகுணன் பெயர் வருகிறது. தில்லையம்பலவனைப் போற்றும் தென்னவனாக. பட்டினத்தார் திருவிடைமருதூர் மும்மணிக்கோவையில் அவனைப் பெரிய அன்புடைய அடியாராக எடுத்துக்கொண்டு அவன் செய்தவற்றை அடுக்குகிறார். படித்தால் தலை சுற்றும். வேப்பம்பழம் லிங்கம்போல் தெரிந்ததால் வேப்பமரங்களுக்கெல்லாம் விதானம் கட்டினான். நரிகள் ஊளையிட்டதைச் சிவனைப் பாடியதாக நினைத்து அவற்றுக்குத் துணி கொடுத்தான். குளத்துத் தவளைகள் கத்தியபோதும் அதே நினைப்பு. காசும் பொன்னும் இறைத்தான். கோயில் எல்லையில் கிடந்த நாய் மலத்தைத் தன் கையாலேயே எடுத்தான். தனியே கிடந்த மண்டையோட்டுக்குத் தலைவணங்கினான். கடைசியில் தன் தேவியையே இறைவனுக்கென்று கொடுத்தான்.

இதை வரலாறு என்று எவரும் கொள்ள மாட்டார்கள். வெறும் கற்பனை என்று ஒதுக்குவதும் தவறு. பட்டினத்தார் சொல்லும் முறையைப் பார்த்தால், கேட்பவர்களுக்கு இக்கதைகள் முன்பே தெரியும் என்ற எண்ணத்தோடு விரைவாகக் கோடி காட்டிவிட்டுப் போகிறார். ஆக வரகுணன் இறந்து சில தலைமுறைக்குள், அதுவும் சோழ நாட்டில், தங்களோடு போரிட்ட பாண்டியன் ஒருவனைப் பற்றி மக்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த விவாதம் முழுவதிலும் மிக வியப்பான செய்தி இதுதான். தோற்றுப்போன பகை நாட்டு அரசனைத் தோற்கடித்தவர்களின் மண் அடியாராக ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிற்காலத் திருவிளையாடற் புராணத்தில் கதை முழு உருவம் பெறுகிறது. வேட்டையாடித் திரும்பும் வரகுணனின் குதிரை வழியில் படுத்திருந்த அந்தணன் ஒருவனை மிதித்துக் கொன்றுவிட, பிரமகத்தி அவனைப் பிடித்துக்கொள்கிறது. சோழன் படையெடுத்து வருவான், அவனைத் துரத்திக்கொண்டு திருவிடைமருதூர் போவாய், அங்கே இது தீரும் என்று சொக்கநாதர் சொல்கிறார். அப்படியே நடக்கிறது. கிழக்கு வாயிலில் நுழைந்தவனை விட்டுப் பிரமகத்தி வெளியிலேயே நின்றுவிடுகிறது. அரசன் மேற்கு வாயில் வழியாக வெளியேறுகிறான். இன்றும் திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாயிலில் பிரமகத்தி உருவம் உண்டு; வந்த வழியே திரும்பக் கூடாது என்ற வழக்கத்தை அடியார்கள் விடாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

இந்தக் கதையின் நிலவியலைக் கவனித்தால் ஒன்று புலப்படும். திருவிடைமருதூர், திருப்புறம்பியம், இடவை இருந்த மண்ணி நாடு மூன்றும் கும்பகோணத்தைச் சுற்றியே இருக்கின்றன. பாண்டியன் ஒருவன் சோழ நாட்டுக்குள் படையோடு வந்தான், அந்த வட்டாரத்தில் நின்றான் என்ற உண்மை நினைவு கதைக்குள் அப்படியே கிடக்கிறது. முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது. வரலாற்றில் பாண்டியன் தோற்ற இடத்தில் புராணத்தில் சோழன் ஓடுகிறான். மதுரைத் தலபுராணம் வேறு எப்படி எழுதப்பட்டிருக்கும்? திருப்புறம்பியத்தின் இழப்பைத் திருவிடைமருதூரின் வீடுபேறாக மாற்றிக்கொண்டது மதுரை என்பது என் கணிப்பு.

வரகுணன் கதையைப் படிக்காதவர்களுக்கும் அவனைத் தெரியும் என்பது இன்னொரு வேடிக்கை. விறகு விற்ற படலம் அவன் ஆட்சியில் நடப்பதாகப் புராணம் சொல்லும். வடக்கேயிருந்து வந்த ஏமநாதன் செருக்கோடு பாடியதும், பாணபத்திரனுக்காகச் சிவன் விறகு சுமந்து வந்து பாடியதும் வரகுணன் அவையை ஒட்டி நடந்தவை. 1965-இல் ஏ. பி. நாகராஜன் 'திருவிளையாடல்' எடுத்தபோது டி. எஸ். பாலையா ஏமநாத பாகவதராகவும் டி. ஆர். மகாலிங்கம் பாணபத்திரராகவும் நடித்த காட்சிகள் தமிழ்நாட்டில் எல்லார் நெஞ்சிலும் பதிந்துவிட்டன. அவையில் உட்கார்ந்திருக்கும் அரசனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

புகழ் இவ்வளவு இருந்தும் அறுபத்து மூவரில் வரகுணன் இல்லை. அவ்வரிசையில் பாண்டியன் என்றால் சம்பந்தர் காலத்து நின்றசீர் நெடுமாறன்தான். பட்டியலைப் பாடிய சுந்தரர் வரகுணனுக்கு முற்பட்டவர் என்பதே இதற்கு எளிய விடை. இந்த இடத்தில்தான் வரகுணன் கேள்வி மாணிக்கவாசகர் காலம் என்ற பெரிய சண்டைக்குள் நுழைகிறது. சுந்தரர் மாணிக்கவாசகரையும் பாடவில்லை. அவரைக் குதிரை வாங்க அனுப்பியவன் அரிமர்த்தன பாண்டியன் என்கிறது புராணம். அவர் பாட்டிலோ வரகுணன் வருகிறான். மறைமலையடிகள் அவரை மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய் விரிவாக வாதாடினார். அப்படியானால் சான்று எதுவும் கிடைக்காத ஒரு பழைய வரகுணனைக் கற்பித்தாக வேண்டும். சாஸ்திரி முதலானோர் ஒன்பதாம் நூற்றாண்டு என்றனர். அடிகளின் தமிழுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் கல்வெட்டில் பாண்டிய வரகுணர் இருவர் இருக்கும்போது இல்லாத மூன்றாமவரைத் தேடிப் போவானேன்? திருக்கோவையார் குறிப்பது தாத்தாவையா பேரனையா என்று கேட்டால், எதிர்வழக்காடலாம் என்றாலும், பேரன் பக்கமே சான்று சாய்கிறது. தாத்தாவின் கல்வெட்டுகளில் படைவீடும் கோட்டை அழிப்பும் கொடையோடு சேர்ந்தே வருகின்றன. அவனுக்குப் 'பெரிய அன்பு' என்ற பெயர் ஒட்டவில்லை. அதே சமயம் தாமிரபரணிக் கரையில் நம்மாழ்வார் பாடிய வரகுணமங்கை என்ற வைணவத் திருப்பதியின் பெயரையும் மறந்துவிடக் கூடாது. வைணவத் தலத்தின் பெயரிலும், சைவர் பாட்டிலும், சமணர் கல்லிலும் வரகுணன் என்ற பெயர் நிற்கிறது.

போரால் புகழ் பெறாத அரசனின் பெயர் எப்படி நிலைக்கிறது என்று காண, உலகின் மறுகோடியில் அப்போது என்ன நடந்தது என்று பார்ப்பதும் பயன் தரும். வரகுணன் முடிசூடுவதற்கு நான்கு ஆண்டு முன், 858-இல், ஜப்பானில் எட்டு வயதுச் சிறுவன் செய்வா பேரரசர் ஆனார். தாய்வழித் தாத்தா ஃபுஜிவாரா யோஷிஃபுசாவின் கையில்தான் ஆட்சி. செய்வா 876-இல் பதவி துறந்து, பிறகு துறவியாகி, இளவயதிலேயே மறைந்தார். அவர் வென்ற போர் எதுவும் இல்லை. ஆனால் அவர் வழி வந்த மினமோட்டோ குடியில் பிறந்த யோரிடோமோ 1192-இல் ஷோகன் ஆனதும், பின்வந்த டோக்குகாவா வரை வாளேந்திய குடிகள் செய்வாவின் பரம்பரை என்று சொல்லிக்கொள்ள முந்தின. செய்வாவுக்குப் புகழ் சேர்த்தவர்கள் வழித்தோன்றல்கள். வரகுணனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தம்பி மகன் இராசசிம்மன் காலத்திலேயே மதுரை முதலாம் பராந்தக சோழனிடம் போய், முடியும் இலங்கைக்குப் போய்விட்டது. வரகுணன் பெயரைக் காத்தவர்கள் புலவர்களும், வட்டி நெல் அளந்த ஊர்ச் சபைகளும், பாறையில் எழுதிய ஒரு சமணத் துறவியும்.

ஆகவே தீர்ப்பு என்று கேட்டால் என் பதில் இது. பக்திக் கதைகளின் வரகுணனுக்கு அடிப்படை இரண்டாம் வரகுணனே. திருச்செந்தூர், திருவதிகைக் கொடைகள் அவனை உண்மையான சிவபக்தனாகக் காட்டுகின்றன. தாத்தாவின் பெயரும் சில செயல்களும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் சைவம் கொண்டாடும் இந்த அரசனின் நாட்டில் சமண மலையில் பழைய உருவங்கள் புதுப்பிக்கப்பட்டன, பூசைக்குப் பொன் வைக்கப்பட்டது, அதை எழுதியவர்கள் தயங்காமல் அவன் ஆண்டையே இட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணம் தமிழ்நாட்டில் துடைத்தெறியப்பட்டுவிட்டது என்று பள்ளிப் பாடம் போல் ஒப்பிப்பவர்கள் இந்த மலைக்கு ஒருமுறை ஏறி வர வேண்டும்.

பழநிக்குப் பேருந்து பேருந்தாகக் கூட்டம் போகிறது. அதில் ஒரு சிறு பங்கினர் ஐவர்மலைக்கும் போய் வந்தால் போதும். போகிறவர்கள் சிற்பங்கள்மேல் எண்ணெய் பூசாமலும், பாறையில் சாயத்தால் பெயர் எழுதாமலும் இருந்தால் பெரிய உதவி. திண்டுக்கல், பழநி வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஐவர்மலைக் கல்வெட்டையும் இராமநாதபுரம் கல்வெட்டையும் இன்றைய தமிழில் எழுதி, இரண்டு இடங்களிலும் பலகையாக வைக்க முன்வர வேண்டும்.